தாண்டிப் போகும் சத்தம்

கண்ணாடிக்காரர் அந்தக் காரை வாங்கியபோது வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. சிரித்தார்கள். அதுதான் அவருக்கு வலித்தது.

கார் பழசு. சாம்பல் நிறம். முன்பு வைத்திருந்தவர் அதைச் சும்மா விட்டு வைக்கவில்லை. ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி வயிறு தரையைத் தொடும்படி இறக்கியிருந்தார். ஏர் ஃபில்டரை மாற்றியிருந்தார். எஞ்சின் வேகத்தைக் கூட்ட என்று ஏதோ ஒரு சிப்பைச் செருகியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சைலன்சர். அது கடையில் கிடைப்பது அல்ல. யாரோ கையால் வளைத்துப் பற்றவைத்தது. முதலில் ஒரு இருமல் வரும். பிறகு அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கடைசியில் இரண்டு வெடிப்பு. தெருமுனையில் அது திரும்பும்போதே வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிடும்.

வெளியூரில் ஒரு பழைய கார்க் கடையில் வாங்கியது. யார் வைத்திருந்த வண்டி என்று கேட்டார். கடைக்காரன் போனெட்டைத் தட்டினான்.

"ஆசையா வெச்சிருந்தவர் வண்டி சார். பார்த்தாலே தெரியுதே."

மனைவி ஒரு மருத்துவமனை லேபில் ரத்தம் எடுப்பவள். முதல் நாளே சொல்லிவிட்டாள். "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஊசியால குத்தறேன். என்கிட்ட கூட யாரும் இப்படிக் கத்தறதில்ல."

அவளுடைய தம்பி டயர்க்கடை வைத்திருந்தான். அவனிடமும் அதே மாடல் கார் இருந்தது. கம்பெனியிலிருந்து வந்தபடியே, ஒரு திருகுகூட மாற்றாதது. ஒரு விடுமுறை நாள் காலையில், ஆளில்லாத புறவழிச் சாலையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கிளம்பினார்கள். கண்ணாடிக்காரரின் கார் ஊரையே எழுப்பியது. மச்சினன் கார் பாலத்தடியில் போய் முதலில் நின்றது. அவன் கதவைத் திறந்து இறங்கிச் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும்போதுதான் இவர் போய்ச் சேர்ந்தார்.

"மச்சான், சத்தம் முன்னாடி வந்திருச்சு. வண்டியைத்தான் ரொம்ப நேரமாக் காணோம்."

கண்ணாடிக்காரர் குனிந்து டயரைப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க. இந்த மாதிரி மாத்தினா பாதி வண்டி இப்படித்தான். இழுவை குறையும், பெட்ரோல் குடிக்கும், இடுப்பு ஒடியும். ஓட்டறவனுக்கு மட்டும் பறக்கற மாதிரி இருக்கும். அந்த ஆளு இதுல கொட்டினதுக்கு இன்னொரு வண்டியே வாங்கியிருக்கலாம். அவன் ஏமாந்தான். அவன் ஏமாந்ததை நீங்க காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கீங்க."

அவன் சொன்னதில் பிழை இல்லை என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியும். ஆனாலும் காரை விற்கத் தோன்றவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. யாரிடமும் சொல்லக்கூடியது அல்ல.

தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவர் நாள் முழுக்க மனிதர்களின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறார். அவர்கள் அவரைப் பார்ப்பதில்லை. சுவரில் இருக்கும் எழுத்துகளைப் பார்ப்பார்கள். கண்ணாடியை மாட்டிவிட்டால் திரும்பி நிலைக்கண்ணாடியில் தங்களைப் பார்ப்பார்கள். அவர் குரல் மெல்லியது, நடையும் அப்படித்தான். சமையலறை வாசலில் போய் நின்றால் மனைவி திடுக்கிட்டுக் கையிலிருப்பதைப் போடுவாள். "பூனை மாதிரி வந்து நிக்காதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது." அந்தக் கார் வந்த பிறகுதான் அவர் வருவது ஒருவருக்கு முன்கூட்டித் தெரிந்தது. தெருவில் தலைகள் திரும்பின. அந்த ஒன்றுக்காக இடுப்பு வலியைப் பொறுத்துக்கொண்டார்.

கடையை மூடிவிட்டு வரும்போது சிக்னலைத் தவிர்க்க ஒரு குறுக்குத் தெருவில் புகுந்து வருவார். அமைதியான தெரு. இரண்டு பக்கமும் மதில்கள். பாதி வழியில் ஒரு பச்சைக் கேட்.

முதல் தடவை அதைக் கவனித்தபோது கேட் திறந்துகொண்டிருந்தது. ஒரு முதியவர் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, கொக்கி மாட்டினார். வாசலில் மழைத் தண்ணீர் உள்ளே போகாமலிருக்கக் கட்டிய சிமெண்டு மேடு ஒன்று இருந்தது. சுவரோரம் சாய்த்திருந்த இரண்டு பலகைகளை எடுத்து அந்த மேட்டின் மேல் சரிவாக வைத்தார். ஒன்றைக் காலால் சற்றே நகர்த்தினார். பிறகு ஒதுங்கி நின்றார். கண்ணாடிக்காரரின் கார் அவரைத் தாண்டிப் போனது. அந்த இடத்தில் ஸ்டியரிங் லேசாகக் கேட் பக்கம் இழுத்த மாதிரி இருந்தது. நேராகப் பிடித்துக்கொண்டார். பின்னால் பார்க்கும் கண்ணாடியில், முதியவர் குனிந்து பலகைகளை எடுப்பது தெரிந்தது.

மறுநாளும் கேட் திறந்தது. அதற்கு அடுத்த நாளும். ஒரு நாள் கடையில் வேலை அதிகமாகி நேரம் கழித்து வந்தார். அன்றும் அவர் முனை திரும்பியபோதுதான் கேட் திறந்தது.

"எனக்குன்னு ஒருத்தர் தினமும் கதவைத் திறந்து வெச்சு நிக்கிறார்" என்று மனைவியிடம் சொன்னார்.

"நல்லதாப் போச்சு. அங்கயே தங்கிக்குங்க, உங்க சின்ன வீட்டையும் கூட்டிக்கிட்டு." காரை அவள் அப்படித்தான் சொல்வாள்.

ஸ்டியரிங் இழுப்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. மச்சினன் கடையில் விட்டு அலைன்மென்ட் பார்க்கச் சொன்னார். அவன் பார்த்துவிட்டு, "நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்கு. உங்க கைதான் கோணல்" என்றான்.

அன்றைக்கே அவன் வீட்டுக்கும் வந்தான். கார் வாசல் சரிவில் ஏறும்போது வயிறு தேய்ந்த ஓசை கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டான். "அய்யோ, என்ன மச்சான் இது, இழுத்துக்கிட்டு வர்றீங்க." தன் வண்டியிலிருந்து இரண்டு மரப்பலகைகளை எடுத்துக் கொடுத்தான். "சரிவு ஏறுற இடத்துல இதைப் போடுங்க. இறக்கின வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாம் இதான் பண்றாங்க. வேற எந்த வண்டிக்கும் இது வேண்டியதில்ல."

கண்ணாடிக்காரர் பலகைகளைச் சரிவில் வைத்தார். ஒன்று சற்றுத் தள்ளியிருந்தது. காலால் நகர்த்தினார்.

நகர்த்திய காலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்ல."

அவருடைய தொழிலே இரண்டு புள்ளிகளுக்கு இடையில் உள்ள தூரம்தான். ஒரு முகத்தைப் பார்த்ததும் கண்மணிகளுக்கு நடுவில் எவ்வளவு என்று ஸ்கேல் வைக்காமல் சொல்லிவிடுவார். மறுநாள் மாலை அந்தத் தெருவில் மெதுவாகப் போனார். முதியவர் பலகைகளை வைத்து ஒதுங்கி நின்றார். இரண்டிலும் நடுவே டயர் தேய்த்த கறுப்புத் தடம். இரண்டு தடங்களுக்கும் இடையே இருந்த தூரம் அவருக்குத் தெரிந்த தூரம். அவருடைய காரின் தூரம்.

முதியவர் காரைப் பார்த்தார். காருக்குள் பார்க்கவில்லை.

அதன் பிறகு கண்ணாடிக்காரர் அந்தத் தெருவுக்குள் போவதை நிறுத்தினார். பெரிய சாலையிலேயே வந்து சிக்னலில் நின்றார். நின்ற இடத்திலிருந்து இரண்டு கட்டடங்களுக்கு நடுவே அந்தத் தெரு ஒரு கீற்றாகத் தெரிந்தது. பச்சையாக ஏதோ அசைந்தது. கேட் திறந்துகொண்டிருந்தது. சத்தம் அதுவரை போயிருக்கிறது. சிக்னல் விழுந்ததும் ஆக்ஸிலேட்டரைத் தொடவே பயந்து, பாம்பு மாதிரி ஊர்ந்து நகர்ந்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

அந்த வாரமே ஒரு பெண் கடைக்கு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் சாக்கில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. கனமாக இருந்திருக்க வேண்டும், இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். கண் பரிசோதனைக்குப் போடும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தூரம் தெரியலையா, கிட்டத்துல தெரியலையாம்மா?"

"ரெண்டும் நல்லாத் தெரியுது சார். பின்னாடி நிக்கிற கார் உங்களுதா?"

அவர் தலையாட்டினார்.

"எங்க வீட்டுக்காரரோடது."

கடையில் வேறு யாரும் இல்லை. அவர் விளக்கைப் போட்டார். எதற்கென்று தெரியவில்லை.

"பார்க்கறவங்க எல்லாரும் கார் ஓட்டி அடிபட்டுச் செத்தாருன்னு நினைக்கிறாங்க. அது இல்ல. ஆபீஸ் படிக்கட்டுல மூச்சு வாங்குதுன்னு உக்காந்தார், அவ்வளவுதான். கார் பார்க்கிங்ல அப்படியே நின்னுச்சு. நான்தான் வித்தேன். இந்த ஊர்ல வேண்டாம்னு சொல்லி, தேடிப் போய் வெளியூர் ஆளுக்குக் குடுத்தேன். திரும்பி வந்திருச்சு."

"நான்தான் கொண்டுவந்தேன்" என்றார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க." அவள் சாக்கைத் தட்டினாள். "தினம் சண்டை சார் எங்களுக்கு. இந்தச் சத்தத்தால என்ன பிரயோஜனம், வேகமாப் போகுதா, இல்ல விலைக்குத்தான் போகுமான்னு கேப்பேன். ஒரே பதில்தான். உனக்குப் புரியாதும்பார். எங்க மாமா மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டார். முனையில சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போய்க் கேட்டைத் திறந்து பலகையைப் போடுவார். பிள்ளை உள்ள வந்ததும் எடுத்து வெப்பார். இப்பவும் எந்திரிக்கிறார்."

"மறந்து போயிருக்குமா?"

"அவருக்கா? கொள்ளி வெச்சதே அவர்தான் சார். எல்லாம் ஞாபகம் இருக்கு. நான் கேட்டேன். 'மனசுக்குத் தெரியும்மா, கால் எந்திரிச்சிருது'ங்கிறார்." சாக்கின் கயிற்றை அவிழ்த்தாள். "அவரைச் சொல்றேனே. சத்தம் கேட்டா நானும் அடுப்பை அணைக்கிறேன். கை தானாப் போகுது. வந்ததும் சாப்பிடுவார்னு."

சாக்கைப் பிரித்தாள். உள்ளே, கார் புதிதாக வந்தபோது அதில் இருந்த கம்பெனிச் சைலன்சர். துடைத்து வைத்திருந்தாள்.

"இதை மாட்டிக்குங்க சார். மாத்தற கூலி நான் தர்றேன். கார் உங்களுது, எப்படி வேணும்னாலும் போங்க. சத்தத்தை மட்டும் எடுத்துடுங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அவள் சைலன்சரை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனாள். அடுத்து வந்தவர் அதைப் பார்த்து, இங்கே என்ன கண்ணையா பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேலி செய்யவில்லை. "அந்தச் சத்தத்தைக் குடுத்துடுங்க" என்றாள். பிறகு, "உங்களுக்கு அது எதுக்கு வேணும்னு எனக்குத் தெரியும்" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் காரை லிஃப்டில் ஏற்றிப் பழையதைக் கழற்றினான். கழற்றியதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தான். அவரையும் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாருங்க சார். உள்ள ஒண்ணுமே கிடையாது. பஞ்சு இல்ல, தட்டு இல்ல. வெறும் ஓட்டை. அதுக்குத்தான் அந்த ஆர்ப்பாட்டம்."

மறுமுனையில் ஒரு வட்டமாகப் பட்டறையின் வாசல் தெரிந்தது.

கார் நன்றாக ஓடியது. மச்சினன் சொன்ன இழுவை திரும்பி வந்திருந்தது. அன்று மாலை அவர் குறுக்குத் தெருவுக்குள் திரும்பினார். கேட் மூடியிருந்தது. பச்சைத் தகடு, மேலே ஒரு காகம். தாண்டிப் போனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் போய் நின்றபோது மனைவி திடுக்கிட்டுக் கரண்டியைக் கீழே போட்டாள். ஒன்றும் சொல்லாமல் குனிந்து எடுத்தாள்.

அடுத்த வாரம் ஒரு நாள், சாயங்கால வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே, அவர் முனை திரும்பியதும் பிரேக்கை மிதித்தார். கேட் விரியத் திறந்திருந்தது. பலகைகள் போட்டிருந்தன. முதியவர் கேட்டருகில் இல்லை. தெரு நடுவில் நின்று முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரருக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார் போனது. முதியவர் ஒதுங்கி, அது உள்ளே திரும்ப இடம் விட்டு நின்றார். அது போய்விட்டது. அவர் மறுபடி தெரு நடுவுக்கு வந்தார். ஒரு வேன் வந்தது. ஒதுங்கினார். மறுபடி வந்தார்.

கண்ணாடிக்காரர் காரை ஓரமாக நிறுத்தினார். முதியவர் கிட்டே வந்து குனிந்து ஜன்னலுக்குள் பார்த்தார். காரை அல்ல, அவரை. இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு நேரம் ஒருவர் தன் முகத்தைப் பார்த்து அவருக்குப் பழக்கமில்லை.

"நீங்கதானா தம்பி."

"ஆமாங்கய்யா."

"மருமக சொல்லுச்சு. சைலன்சரை மாத்திட்டீங்களாமே."

"உங்களுக்குத் தொந்தரவா இருக்க வேண்டாம்னுதான்."

முதியவர் காரின் கூரையில் கை வைத்தார். அந்தக் கை எங்கே வைக்க வேண்டும் என்று பழகிய கை.

"என்னைக் கிறுக்குன்னு நினைக்காதீங்க. அவன் இல்லேன்னு எனக்குத் தெரியும். சத்தம் வரும், திறப்பேன், நீங்க தாண்டிப் போவீங்க. சரி, அவன் இல்லேன்னு மூடிட்டு உள்ள போய்ச் சாப்பிடுவேன். தினமும் அப்படி ஒரு வாட்டி போச்சு. இப்ப அதுவும் இல்ல." தெரு முனையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு காரின் விளக்கு திரும்பிக்கொண்டிருந்தது. "இப்ப எந்த வண்டியில வர்றான்னே தெரியல."

அந்தக் கார் வந்தது. அவர் அவசரமாக நிமிர்ந்து, கேட்டுக்குப் போய், ஒரு பலகையைக் காலால் சரிசெய்து ஒதுங்கி நின்றார்.

மருமகள் வாசலில் நின்றிருந்தாள். கையில் கரண்டி. அவள் இறங்கி வந்தாள்.

"மத்தியானத்துலேர்ந்து நிக்கிறார் சார். சாப்பிடக் கூப்பிட்டா வர்றதில்ல. மூடிட்டா அவன் எப்படி வருவான்ங்கிறார்." பிறகு, கீழே பார்த்துக்கொண்டு கேட்டாள். "அது இருக்கா? இல்ல தூக்கிப் போட்டுட்டீங்களா?"

பட்டறையில் அது பழைய டயர்களுக்குப் பின்னால், மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. மெக்கானிக் கவிழ்த்தான். தண்ணீரோடு ஒரு சிலந்தியும் வந்தது.

"முடிவா ஒண்ணு சொல்லுங்க சார். சட்டை மாத்தற மாதிரி மாத்தறீங்க. இதனால வண்டிக்கு ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது, தெரியுமில்ல?"

"தெரியும். மாட்டு."

அன்று மாலை இருமல், உறுமல். முனை திரும்பும்போதே தெரு நடுவில் நின்ற உருவம் அசைந்தது. இந்தத் தடவை தடுமாறாமல், அவசரப்படாமல் கேட்டுக்குப் போனது. கண்ணாடிக்காரர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த இடத்தில் அது இழுத்தது. நேராகத் தாண்டினார். காலை எடுத்தார், இரண்டு வெடிப்பு. பின்கண்ணாடியில் முதியவர் பலகைகளைத் தூக்கினார். கதவுகள் மூடின. சமையலறை ஜன்னலில் அடுப்பு வெளிச்சம் அணைவது தெரிந்தது.

அப்படித்தான் அது அவர் வேலையானது. கடைக்கு விடுமுறை என்றாலும் சாயங்காலம் கிளம்பினார். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல் திரும்பினார். மச்சினன் நல்ல விலைக்கு ஒரு ஆள் இருக்கிறான் என்றபோது, "இது விக்கிற வண்டி இல்ல மாப்ள" என்றார். அவன் அக்காளைப் பார்த்தான். அவள் வேறெங்கோ பார்த்தாள். முதியவர் அதன் பிறகு அவரிடம் பேசவில்லை. காருக்குள் பார்க்கவும் இல்லை. பார்த்தால் கெட்டுவிடும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் கண்ணாடிக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து சாவியைத் தேடினார். சுவரைப் பிடித்தார். சுவர் நகர்ந்தது. மனைவி அவரைத் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள்.

"படுங்க. நான் போறேன்."

"உனக்குக் கிளட்ச் ஒத்து வராது."

"ஊர்ல உள்ளவங்க நரம்பையெல்லாம் தேடிப் பிடிக்கிறேன். ஒரு கிளட்சைப் பிடிக்க மாட்டேனா?"

படுத்தபடி கேட்டார். கார் வாசலில் இருமியது. பலகையில் இறங்கியது. உறுமல் தெருவைத் தாண்டி, பெரிய சாலைக்குப் போய், மழைக்குள் கரைந்தது. வீட்டுக்குள் இருந்து கேட்கும்போது அது எப்படி இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. அவ்வளவு தூரத்திலும் அது யாரோ வருவது போலத்தான் இருந்தது. போவது போல இல்லை.

சத்தம் மறுபடி வந்தபோது அவர் விழித்தே இருந்தார். டம்ளர்கள் அதிர்ந்தன. தான் எழுந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டார். கால்கள் தரையில் இருந்தன.

மனைவி ஈரத்தோடு உள்ளே வந்து சாவியை மேசையில் வைத்தாள். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"மூடிட்டாரா?"

"மூடிட்டார்."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவந்திருந்தன.

"ஏங்க, அந்தக் கேட்டுக்கிட்ட வர்றப்போ ஸ்டியரிங் அந்தப் பக்கம் இழுக்குது. பிடிக்கவே முடியல. உள்ள போயிடுவேனோன்னு பயந்துட்டேன். நாளைக்கு முதல்ல அலைன்மென்ட் பார்க்கச் சொல்லுங்க."

"பார்த்தாச்சு" என்றார் அவர்.